மதுவிலக்கு மேடையிலிருந்து பிரசாவுரிமைச் சட்டம் வரை: டி. எஸ். சேனநாயக்காவின் அரசியலும் மலையகத் தொழிலாளரும்

1

இலங்கைத் தேசிய இயக்கத்தின் வரலாற்றை எழுதியோர் மதுவிலக்கு இயக்கத்தை அதன் தொடக்கப் படிகளுள் ஒன்றாகக் கொள்வர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பதினைந்து ஆண்டுகளில், வெகுசனக் கட்சி எதுவும் தோன்றியிராத காலத்தில், கிராமந்தோறும் கூட்டம் கூட்டி, உறுதிமொழி வாங்கி, அந்நிய அரசின் கொள்கையொன்றை வெளிப்படையாக எதிர்த்து நின்ற இயக்கம் அது என்பதில் ஐயமில்லை. அவ்வியக்கத்திலேயே தமது பொதுவாழ்வைத் தொடங்கியவர்களுள் ஒருவர், பின்னாளிற் சுதந்திர இலங்கையின் முதலாவது பிரதம மந்திரியாகிய டொன் ஸ்டீபன் சேனநாயக்கா.

இவ்வரலாறு பாடநூல்களில் நேர்கோடாகவே வரையப்படுகிறது. குடியை எதிர்த்தனர்; அந்நியரை எதிர்த்தனர்; சிறைப்பட்டனர்; ஈற்றிற் சுதந்திரம் பெற்றனர் என்பதே அக்கோடு. இதிலுள்ள செய்திகள் யாவும் உண்மையே. எனினும், 1948இல் அதே பிரதம மந்திரியின் அரசாங்கம் இந்நாட்டு ஏற்றுமதிச் செல்வத்தின் பெரும்பகுதியை உற்பத்திசெய்த உழைப்பாளர் கூட்டமொன்றை நாடற்றோராக்கியது என்ற உண்மைக்கு இந்த நேர்கோட்டில் இடமில்லை. அது பின்னாளில் நேர்ந்த தனிப்பட்டதோர் அரசியற் சூழ்ச்சியாகவே விளக்கப்பட்டு வருகின்றது.

மதுவிலக்கு இயக்கம் யாரைக் குடியிலிருந்து மீட்க முயன்றது? யாரைத் தன் கணக்கிலே சேர்க்கவில்லை? இவ்வினாக்களை எழுப்பினால் நேர்கோடு வேறு வடிவம் பெறுகின்றது. 'மக்கள்' என்ற சொல்லுக்கு அவ்வியக்கம் வகுத்த எல்லைக்கும் பிரசாவுரிமைச் சட்டம் வகுத்த எல்லைக்கும் ஆழமான உறவு உண்டு என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்து. ஒன்று மற்றொன்றை நேரே பெற்றெடுத்தது என நாம் கூறவில்லை. ஒரே வர்க்கம், தனது வளர்ச்சியின் இரு கட்டங்களில், இரு வேறு தேவைகளை முன்னிட்டு ஒரே எல்லையை வரைந்தது என்பதையே சுட்டுகிறோம்.

இதனை ஆராய்வதற்கு ஓரிடத்தை உரைகல்லாகக் கொள்வது பொருத்தமாகும். நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலை, லிந்துலை ஆகிய ஊர்களுக்கு அப்பால், அக்கர ஓயாவின் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்துள்ளது அக்கரப்பத்தனை. பத்தனை என்பது மலைப் புல்வெளியைக் குறிக்கும். அப்புல்வெளியும் காடும் இருந்த இடத்தில் டயகம, ஹோல்புரூக், பெல்மோரல், டொரிங்டன் முதலிய தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களின் பெயர்களுட் பல பிரித்தானியத் துரைமாரின் நினைவுகளிலிருந்து வந்தவை. அங்கு கொழுந்து பறித்தவர்களோ தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். சேனநாயக்காவின் அரசியல் வாழ்வின் ஒவ்வொரு படியும் இப்பள்ளத்தாக்கிலிருந்து நோக்கும்பொழுது எவ்வாறு தோன்றுகிறது என்பதே நமது வினா.

2

மதுவிலக்கு இயக்கத்தை விளங்கிக்கொள்வதற்கு முதலில் மதுவின் பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானிய அரசின் முக்கிய வருவாய் மூலங்களுள் ஒன்று சாராயக் குத்தகை. குறித்த பிரதேசத்திற் சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விடும். அதனை எடுத்த குத்தகைக்காரர் தவறணைகளை நடத்துவர், அல்லது துணைக் குத்தகைக்கு விடுவர். பெருந்தோட்டங்களின் உடைமையும் ஏற்றுமதி வாணிபமும் ஐரோப்பியர் கையில் இருந்தமையால், உள்ளூர்ச் செல்வந்தர்க்குத் திறந்திருந்த வழிகள் மிகச் சிலவே. சாராயக் குத்தகை அவற்றுள் முதன்மையானது. காரீயச் சுரங்கம், தெங்கு, போக்குவரத்து ஒப்பந்தம் ஆகியன ஏனையவை.

மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா சாராயக் குத்தகையிலும் வாணிபத்திலும் ஈட்டியதைக் கொண்டு 1830களில் ஹங்குரன்கெத்தவிற் கோப்பித் தோட்ட உடைமையாளரானார் என்பது நன்கறிந்த செய்தி. குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இலங்கை முதலாளித்துவ வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத் திரட்சியிற் சாராயக் குத்தகை வகித்த பங்கை விரிவாக நிறுவியுள்ளார். அவ்வாய்விலிருந்து நாம் பெறும் முடிவு முக்கியமானது. உள்ளூர் முதலாளி வர்க்கத்தின் கணிசமான பகுதியினர் உற்பத்தியினாலன்றி, அரசு வழங்கிய ஏகபோக உரிமையினாலேயே செல்வரானார்கள்.

அச்செல்வத்தைத் தந்தவர் யார்? தவறணையிற் காசு கொடுத்தவர்களே. கண்டிக்கும் அதற்கு அப்பாலும் கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, தெருக்களும் கூலியுழைப்பும் பெருகின. கிராமத்து விவசாயியிடம் காசு எப்பொழுதாவதுதான் புழங்கும். கூலியுழைப்பாளனுக்கோ, எவ்வளவு குறைவாயினும், காசாகவே சம்பளம் கிடைக்கும். ஆகவே தோட்டப் பகுதிகளும் அவற்றுக்குச் செல்லும் பாதைகளும் தவறணைக்காரருக்கு உகந்த சந்தையாயின. தோட்டத் தொழிலாளி தனது உழைப்பினால் ஐரோப்பியத் தோட்ட உடைமையாளனுக்கு உபரியை ஈட்டிக் கொடுத்தான். எஞ்சிய கூலியின் ஒரு பகுதியால் உள்ளூர்க் குத்தகைக்காரனுக்கு மூலதனத்தையும் அரசுக்கு வரியையும் ஈட்டிக் கொடுத்தான். இம்மூன்று கணக்கிலும் அவன் இடம்பெற்றான் என்பது மனங்கொளத்தக்கது.

சேனநாயக்கா குடும்பம் இப்பின்னணியிலேயே மேலெழுந்தது. ஹப்பிட்டிகம் கோறளையின் போத்தலையைச் சேர்ந்த டொன் ஸ்பேட்டர் சேனநாயக்கா காரீயத்திற் செல்வம் ஈட்டி, பின்னர் தோட்டங்களிலும் சாராயக் குத்தகையிலும் முதலிட்டு, முதலியார் பட்டமும் பெற்றவர். அவரது மைந்தர்களாகிய எப். ஆர்., டி. சி., டி. எஸ். ஆகிய மூவருமே அடுத்த தலைமுறையில் மதுவிலக்கு இயக்கத்தின் முன்னணியில் நின்றனர். இதனை வெறும் முரண்நகையாகவோ போலித்தனமாகவோ கொள்வது மேலோட்டமான பார்வையாகும். திரட்சிக் கட்டம் முடிந்து, தெங்கு, றப்பர், காரீயம் ஆகியவற்றில் மூலதனம் நிலைகொண்டபின், அவ்வர்க்கத்துக்குத் தவறணை தேவையற்றதாயிற்று. அதற்கு அப்பொழுது தேவைப்பட்டது மதிப்பும் தலைமையுமே. அவ்விரண்டையும் வழங்கக்கூடிய மேடையாக மதுவிலக்கு அமைந்தது.

3

இயக்கம் இரு அலைகளாக எழுந்தது. முதலாவது அலை 1904ஆம் ஆண்டை ஒட்டியது. தென்மாகாணத்திலும் மேல்மாகாணத்திலும் பௌத்த பிக்குகளும் கிராமத்துப் பிரமுகர்களும் முன்னின்று மதுவிலக்குச் சங்கங்களை அமைத்தனர். ஹப்பிட்டிகம் கோறளை அதன் வலுவான தளங்களுள் ஒன்று. சேனநாயக்கா சகோதரர்கள் தம் சொந்த மண்ணிலேயே அமைப்பு வேலையைப் பயின்றனர். இரண்டாவது அலை 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை எதிர்த்தெழுந்தது. அச்சட்டம் கள்ளையும் சாராயத்தையும் பிரித்துத் தனித்தனி விற்பனை நிலையங்களுக்கு இடமளித்தது. அதனால் நாடெங்கும் பெருந்தொகையான புதிய கள்ளுத் தவறணைகள் திறக்கப்படும் நிலை உருவாயிற்று. எப். ஆர். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்க, ஆதர் வி. டயஸ், டபிள்யூ. ஏ. டி சில்வா முதலியோரின் தலைமையிற் கொழும்பிலும் பிற இடங்களிலும் எதிர்ப்புக் கூட்டங்கள் நிகழ்ந்தன.

இவ்வியக்கத்தின் முற்போக்குக் கூற்றை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. வருவாயின் பொருட்டு மக்களுக்கு மதுவைப் புகட்டும் அரசு என்ற குற்றச்சாட்டு ஏகாதிபத்தியத்தின் 'நாகரிகப் பணி' என்னும் வேடத்தைக் கலைத்தது. சட்டநிருபண சபையில் வாக்குரிமை ஒரு சிறு கூட்டத்துக்கே உரியதாயிருந்த காலத்தில், வாக்கற்ற கிராமத்து மனிதனை ஒரு பொதுக்காரியத்திற் பங்குகொள்ளச் செய்தது. அதிகாரிகள் அதனை ஐயக்கண்ணோடு நோக்கியமை இதனாலேயே.

ஆனால் அம்மேடையில் மது எவ்வாறு விளக்கப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். அநகாரிக தர்மபாலவின் பேச்சுகளிலும் 1906இல் அவர் தொடங்கிய 'சிங்கள பௌத்தயா' இதழிலும் மது அந்நியரின் தீங்காகவும், சிங்கள பௌத்த வாழ்வின் தூய்மைக்கு நேர்ந்த மாசாகவும் சித்திரிக்கப்பட்டது. பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலம் மதுவைத் தவிர்க்கச் சொல்வதால், மதுவிலக்கு உறுதிமொழி மத உறுதிமொழியாகவும் அமைந்தது. வெகுசனங்களை அணிதிரட்ட இது வலிமை மிக்க கருவி. அதே வேளையில், சீலத்தின் மொழியிற் பேசும் இயக்கம் அச்சமயத்தைச் சாராத உழைப்பாளனை விளிக்கும் ஆற்றலை இயல்பாகவே இழந்துவிடுகிறது. குத்தகை முறையின் வரலாறும் அதனால் வளர்ந்த குடும்பங்களின் வரலாறும் இம்மேடையிற் பேசப்படவில்லை. பொருளாதாரக் கேள்வி ஒழுக்கக் கேள்வியாக மாற்றப்பட்டது. அம்மாற்றத்தின் மறைவிலேயே வர்க்கமும் மறைந்தது.

4

அக்காலத்தில் அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் மதுவின் நிலை என்ன? இங்கு நாம் இரண்டு தவறான நோக்குகளைத் தவிர்த்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளியை இயல்பாகவே குடிகாரனாகக் காட்டுவது துரைமாரின் நோக்கு. குடியைத் தொழிலாளியின் எதிர்ப்பாக அல்லது ஆறுதலாக மட்டும் கண்டு அதன் கேட்டை மறைப்பது நம்மவர் சிலரின் நோக்கு. இரண்டும் உண்மைக்குப் புறம்பானவை.

மலைக்குளிரில், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மாலைவரை உழைத்து, லயத்துக் காம்பிராவில் ஒடுங்கிய வாழ்க்கையிற் குடி இடம்பெற்றமைக்குப் புறநிலைக் காரணங்கள் உண்டு. தொழிலாளி முற்பணக் கடனுடனேயே தோட்டத்தை அடைந்தான். கங்காணி கடன் கொடுப்பவனாகவும், ஆள் திரட்டுபவனாகவும், சில இடங்களிற் கடை நடத்துபவனாகவும் இருந்தான். கடனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை நிலவியது. இத்தகைய நிலையிற் சம்பள நாளென்பது சேமிப்புக்குரிய நாளன்று. கணக்குத் தீர்க்கும் நாளே. எஞ்சிய சில்லறைக்குத் தவறணை காத்திருந்தது. மறுநாட் காலை தெளிந்த தலையோடு வேலைக்கு வரவேண்டுமெனத் துரை விரும்பினான். ஆயினும் கடனும் குடியும் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைப்பதனால் அவனுக்கு நட்டமில்லை.

இதன் சுமை முழுமையாக விழுந்தது பெண் தொழிலாளர்மீதே. கொழுந்து பறிப்பதிற் பெரும்பங்கு பெண்களுடையது. ஆயினும் மனைவியின் சம்பளத்தையும் கணவனே சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். உழைத்தவள் கையைச் சேராத காசு தவறணையைச் சேர்ந்தபோது, அடுப்பின் பசியும் அடியின் வலியும் அவளுக்கே உரியனவாயின. ஆகவே மதுவிலக்குக்கான தேவை இந்நாட்டில் எங்கேனும் கூர்மையாக இருந்ததெனின், அது தேயிலைத் தோட்டத்திலேயே இருந்தது. ஆயினும் அவ்வியக்கம் தனது தளமாகக் கொண்டது கீழ்நாட்டுக் கிராமத்தையே. லயங்களைத் தனது களமாக அது கொள்ளவில்லை.

இதற்கு மொழியும் மதமும் மட்டுமே காரணம் என்று கூறுதல் போதாது. தோட்டத்தினுள் அமைப்பு வேலை செய்வதெனில் துரையின் அதிகாரத்தையும் கங்காணி முறையையும் கூலி நிலையையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டியிருந்திருக்கும். றப்பர்த் தோட்டமும் தென்னந்தோட்டமும் உடைய ஒரு தலைமைக்கு அது விரும்பத்தக்க பணியன்று. தொழிலாளர் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளுக்கு எதிராகக் குரலெழுப்பிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் இத்தலைமுறையில் விதிவிலக்குகளே. தோட்டத்துக்கு மதுவிலக்குச் செய்தி வேறு வழியாக வந்தது. 1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தியடிகள் மலையகத்திலும் பேசினார்; அப்பயணத்திற் குடியைக் கைவிடுமாறும் வற்புறுத்தினார். எனினும் கங்காணியின் கடனையும் துரையின் அதிகாரத்தையும் எதிர்த்துத் தொழிலாளரை அமைப்பாக்கும் பணி கோ. நடேசய்யர் போன்றோரையே எதிர்நோக்கியிருந்தது. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியபொழுதே, தொழிலாளியின் ஒழுக்கமன்றி அவனது உரிமை முதலிடம் பெற்றது.

5

மதுவிலக்கு அரசியல் உலகளாவியதொரு தோற்றப்பாடாகும். ஆகவே அதன் மூலத்தாயகங்களுள் ஒன்றான அமெரிக்காவை ஒப்புநோக்குவது பயனுடையது. மெயின் மாநிலத்தின் போட்லண்ட் நகர மேயராகவிருந்த நீல் டௌ 1851இல் அங்கு மதுத் தடைச் சட்டத்தை நிறைவேற்றச் செய்தவர். 1880இல் மதுவிலக்குக் கட்சியின் சனாதிபதி வேட்பாளராக நின்றவர். தோல் பதனிடும் தொழிலின் உடைமையாளரான அவருக்குத் தெளிந்த தொழிலாளி வேண்டும் என்பது நம்பிக்கை மட்டுமன்று, தேவையுமாகும். அவரது சட்டம் கூடுதலாக உறுத்தியது அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்க உழைப்பாளரையே. 1855இல் நகரின் மதுக் களஞ்சியத்தை முற்றுகையிட்ட கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு ஒருவர் கொல்லப்பட்டார். அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோசப் கஸ்பீல்ட் 1963இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டு மதுவிலக்கு இயக்கத்தைப் பழைய புரட்டஸ்தாந்து நடுத்தர வர்க்கம் தனது மேன்மையைப் புதிய குடியேறிகளின்மீது நிலைநாட்ட முயன்ற போராட்டமாக விளக்குகிறது. நாடு தழுவிய தடை 1920இல் நடைமுறைக்கு வந்து 1933இல் நீக்கப்பட்டது.

இலங்கை நிலைமை இதனோடு முழுதும் ஒத்ததன்று. இங்கு அது அந்நிய ஆட்சிக்கு எதிரான உள்ளடக்கத்தையும் கொண்டிருந்தது. ஆயினும் ஓர் ஒப்புமை முனைப்பானது. குடியாமை என்ற ஒழுக்கம், மண்ணின் மைந்தரையும் வந்தேறிகளையும் பிரிக்கும் அடையாளமாக ஈரிடங்களிலும் பயன்பட்டது. அமெரிக்காவில் வந்தேறி ஒழுங்குபடுத்தப்பட வேண்டியவனாகக் கருதப்பட்டான். இலங்கையிலோ அவன் ஒழுங்குபடுத்தப்படுவதற்குக்கூட உரியவனாக எண்ணப்படவில்லை.

6

1915 மே மாத இறுதியிற் கண்டியில் வெடித்த கலவரம் முஸ்லிம் வணிகருக்கு எதிராகப் பரவியது. மது விற்பவன், வட்டிக்கு விடுபவன், கடைக்காரன் ஆகிய அனைவரையும் 'அந்நியன்' என்ற ஒரே பெயரில் அடக்கிய பிரசாரத்தின் விளைவுகளுள் இதுவும் ஒன்று எனக் கொள்ள இடமுண்டு. ஆள்பதி சாமர்ஸின் அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. கலவரத்தை அரசத்துரோகச் சதியெனக் கருதிய அதிகாரிகள், மதுவிலக்குத் தலைவர்களையே அதன் சூத்திரதாரிகளெனக் கொண்டு சிறையிலிட்டனர். சேனநாயக்கா சகோதரர் மூவரும் ஜயதிலக்கவும் அவர்களுள் அடங்குவர். டி. எஸ். சேனநாயக்கா 46 நாட்களின் பின் விடுவிக்கப்பட்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிருபண சபையிலும் இலண்டனிலும் இத்தலைவர்களுக்காக வாதாடினார். அவர் திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றமை இன்றும் இன ஒற்றுமையின் சான்றாகக் கூறப்படுகிறது. அது இரு இனங்களின் உயர்வர்க்கத்தாரிடையே நிலவிய ஒற்றுமை என்பதையும் சேர்த்துக் கூறுதலே வரலாற்றுக்கு நியாயமாகும்.

சிறைவாசம் மதுவிலக்குக்காரரைத் தேசியத் தலைவர்களாக்கியது. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது. மதுவிலக்குச் சங்கங்களின் கிராமத் தொடர்புகள் எப். ஆர். சேனநாயக்காவின் மகாசன சபைகளுக்குத் தளமாயின. 1924இல் டி. எஸ். நீர்கொழும்புத் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சட்டநிருபண சபைக்குத் தெரிவானார். 1926இன் தொடக்கத்தில் எப். ஆர். காலமானபின் குடும்பத்தின் அரசியல் தலைமை டி. எஸ்ஸின் கைக்கு வந்தது. உள்ளூர் வாக்கெடுப்பின் மூலம் தவறணைகளை மூடும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தமையால் மதுவிலக்குக் கோரிக்கையின் கூர்மையும் மழுங்கியது. அவ்விடத்தை நிலமும் கமமும் பெற்றன. 1931இல் மினுவாங்கொடைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி விவசாய, காணி அமைச்சரான சேனநாயக்கா, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தையும் மின்னேரியா போன்ற குடியேற்றத் திட்டங்களையும் முன்னெடுத்தார்.

கவனத்துக்குரியது யாதெனில், இவ்விரு காலகட்டங்களிலும் அவரது அரசியலின் நாயகன் ஒருவனே. தவறணையிலிருந்து மீட்கப்பட வேண்டியிருந்த அதே கிராமத்து விவசாயி, இப்பொழுது நிலம் வழங்கிக் காப்பாற்றப்பட வேண்டியவனானான். விவசாயியின் நிலமின்மை உண்மையான பிரச்சினையே. பெருந்தோட்டங்கள் கண்டிப் பிரதேசக் கிராமங்களை நெருக்கியதும் உண்மையே. ஆனால் அந்நெருக்கடிக்குப் பொறுப்பான தோட்ட மூலதனம் கேள்விக்குள்ளாகவில்லை. தோட்டத்தில் உழைத்தவனே இடத்தை அபகரித்தவனாகக் காட்டப்பட்டான். நில வழங்கலிலும் இந்திய வம்சாவளித் தொழிலாளர் பயனாளிகளாகக் கருதப்படவில்லை. 1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கெனச் சுவீகரித்து, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறப் பணித்தமை இக்கொள்கையின் கூர்முனையாகும். அதனை எதிர்த்துத் தோட்டங்களிற் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது.

7

இதற்கிடையில், சர்வசன வாக்குரிமை அவ்வர்க்கத்துக்குப் புதியதோர் அச்சத்தைத் தோற்றுவித்திருந்தது. 1928இல் வெளியான டொனமூர் அறிக்கை தோட்டத் தொழிலாளருக்கும் வாக்குரிமைக்கு வழிகாட்டியபொழுது, சேனநாயக்கா உள்ளிட்ட சிங்கள உறுப்பினர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்து நிபந்தனைகளைப் புகுத்தச் செய்தனர். யாழ்ப்பாணத்து உயர்குழாத்தினர் சர்வசன வாக்குரிமையையே விரும்பவில்லை என்பதும் இங்கு மறக்கற்பாலதன்று. நிபந்தனைகளையும் மீறி, 1931இல் ஏறத்தாழ 1 இலட்சமாகவிருந்த இந்திய வம்சாவளி வாக்காளர் தொகை 1939இல் 2 இலட்சத்தைக் கடந்தது. 1937இன் கிராமசபைச் சட்டத் திருத்தம் தோட்டத் தொழிலாளரை உள்ளூராட்சி வாக்குரிமையிலிருந்து விலக்கி வைத்தது. தொழிலாளர் இயக்கத்திலும் இதே விரிசல் தோன்றியது. 1915இல் சிறை சென்று, 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த ஏ. ஈ. குணசிங்க, 1930களில் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரலாக மாறினார்.

1947ஆம் ஆண்டுத் தேர்தல் அச்சத்தை உறுதிப்படுத்தியது. 95 தொகுதிகளிற் சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி 42ஐ மட்டுமே வென்றது. இடதுசாரிகள் வலுவான எதிரணியாயினர். மலையகத்தில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேட்பாளர்கள் வென்றனர்: நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் எனப் பலர். ஏனைய பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குக் கைகொடுத்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் வாக்கும் கிராமத்து ஏழையின் வாக்கும் ஒரே பெட்டியில் ஒரே திசையில் விழக்கூடும் என்பதே ஆளும் வர்க்கம் கண்ட ஆபத்து.

பதில் விரைவில் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. இந்நாட்டிற் பிறந்தால் மட்டும் போதாது, தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இங்கு பிறந்ததை நிறுவவேண்டும் என்றது முதற்சட்டம். பிறப்புப் பதிவு ஒழுங்காகப் பேணப்படாத லயத்தில் வாழ்ந்தவனிடம் இது கேட்கப்பட்டது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இரண்டாவது சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டும், 1960களின் முற்பகுதிவரை ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. 1952இல் மலையகத் தொகுதிகளில் அம்மக்களின் பிரதிநிதி எவரும் தெரிவாகவில்லை. அவ்வாண்டு மார்ச் 22இல் சேனநாயக்கா காலமானார். ஏப்ரல் இறுதியில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பிற் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது.

இச்சட்டங்களைச் சிங்களப் பேரினவாதம் என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட இயலாது. அமைச்சரவையில் தமிழரும் இருந்தனர். ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948இலேயே அவ்வரசாங்கத்தில் இணைந்தார். செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 டிசெம்பரிற் புதிய கட்சியை அமைக்க இதுவும் ஒரு காரணமாயிற்று. நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் இச்சட்டத்தை வர்க்க அடிப்படையில் எதிர்த்தனர். இனவாதம் கருவி, அதனைக் கையாண்ட கை வர்க்கத்தினுடையது. மதுவிலக்கு மேடை கிராமத்து மக்களுக்கு 'நாம்' என்று சொல்லப் பழக்கியது. அந்த 'நாம்' என்பதனுள் லயத்துத் தொழிலாளி இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளின் பின் அவனை வெளியேற்றும் சட்டம் வந்தபோது, அது புதிய அநீதியாகப் பலருக்குத் தோன்றாமைக்கு இந்த நீண்ட பழக்கமும் ஒரு காரணம்.

எனினும் லயத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இவ்வெல்லை என்றும் அசையாதிருந்ததில்லை. 1956இல் டயகம தோட்டப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான தொழிலாளியின் பெயர் ஏப்ரகாம் சிங்கோ. மலையகத் தொழிலாளர் தம் தியாகிகளின் வரிசையில், 1940இல் முல்லோயாவில் வீழ்ந்த கோவிந்தனோடு, இச்சிங்களத் தொழிலாளியையும் வைத்துப் போற்றுகின்றனர். மதுவிலக்கு மேடையால் இணைக்கப்படாதவர்களைக் கூலிப் போராட்டம் அக்கரப்பத்தனைப் பள்ளத்தாக்கிலேயே இணைத்தது.

8

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். சேனநாயக்காவின் அரசியல் வாழ்வு குடிக்கு எதிரான ஒழுக்கப் போராட்டமாகத் தொடங்கி, விவசாயியின் நலம் பேசும் நில அரசியலாக வளர்ந்து, தொழிலாளியின் வாக்கைப் பறிக்கும் அரச அதிகாரமாக முடிந்தது. இதனை நல்ல தொடக்கத்தின் தீய முடிவாகக் கொள்வது பொருந்தாது. மதுவின் பொருளாதாரத்தை மறைத்து அதன் ஒழுக்கத்தை மட்டும் பேசிய தொடக்கத்திலேயே அம்முடிவின் வித்து இருந்தது. சாராயக் குத்தகையின் கணக்கிலும் தேயிலையின் கணக்கிலும் அரசிறையின் கணக்கிலும் தோட்டத் தொழிலாளி இடம்பெற்றான். 'மக்கள்' என்ற கணக்கில் மட்டும் அவன் விடுபட்டான்.

அவ்விடுபாடு சரிசெய்யப்பட நெடுங்காலம் சென்றது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலேயே எஞ்சியோரின் நாடற்ற நிலை நீங்கியது. தோட்டங்களுக்குப் பிரதேச சபைகள் பணிசெய்வதற்குத் தடையாகவிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது. அதே ஆண்டிலேயே அக்கரப்பத்தனை தனக்கென ஒரு பிரதேச சபையைத் தேர்ந்தெடுத்தது. 1937இல் அடைக்கப்பட்ட கதவு திறக்க எண்பத்தொரு ஆண்டுகள் சென்றன.

மதுப் பிரச்சினையோ தீரவில்லை. சாராயமும் கசிப்பும் இன்றும் தோட்டக் குடும்பங்களை அரிக்கின்றன. 2006இல் மதுவுக்கும் புகையிலைக்கும் எதிராகத் தேசிய அதிகார சபையை அமைத்த அதே அரசு, மதுவரியைத் தனது வருவாயின் தூண்களுள் ஒன்றாகத் தொடர்ந்து பேணி வந்துள்ளது. எனவே மலையகத்துக்கு மதுவிலக்கு இயக்கம் தேவையில்லை என்பதன்று நமது முடிபு. மாறாக, அது மிகவும் தேவை. ஆனால் அது தொழிலாளியின் ஒழுக்கத்தைப் பழிக்கும் மேடையிலிருந்து எழ முடியாது. கூலி, வீடு, காணி, உழைத்தவளின் கையிலேயே அவளது சம்பளம் என்ற கோரிக்கைகளோடு இணைந்தே அது எழ முடியும். அதன் தலைமையும், குடியின் சுமையை நூறாண்டுகளுக்கு மேலாகச் சுமந்துவரும் பெண் தொழிலாளரிடமிருந்தே வருதல் வேண்டும்.

நமது பல்கலைக்கழகத் தமிழாய்வுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. மலையக நாட்டார் பாடல்களைக் கங்காணிக் கொடுமைக்கும் பயணத் துயருக்கும் சான்றாகத் தொகுத்துள்ளோம். தவறணையைப் பற்றியும் சம்பள நாளைப் பற்றியும் லயத்து மூதாட்டியர் கூறக்கூடியவற்றை அதே அக்கறையோடு கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். மதுவிலக்குத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள் எழுதப்பட்டுவிட்டன. மதுவிலக்கு எட்டாத காம்பிராக்களின் வரலாறு இனித்தான் எழுதப்படவேண்டும்.